பம்ப் ஸ்டவ் பின்னும் ஊட்டிப் பனியும்

"கார் விஷயமெல்லாம் நமக்கெதுக்கு? அது ஆம்பளைங்க சமாசாரம்!"

நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதக் காலையில், ஊட்டியிலிருந்து குன்னூருக்கு இறங்கும் வழியில் அந்த நினைப்பு ஒரே நொடியில் பறந்து போயிற்று. நடந்ததைச் சொன்னால் என்னைப் போன்ற நாலு சகோதரிகளுக்காவது பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரின் முன்கண்ணாடியில் தூசி படிந்தால், ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் குச்சியை இழுத்ததும் 'சர்'ரென்று தண்ணீர் பீச்சும்; வைப்பர் துடைத்து விடும். பார்த்திருப்பீர்கள். பானட்டின் மேலே, கண்ணாடிக்குக் கீழே, மிளகு அளவில் இரண்டு சின்ன மூக்கு இருக்கும். அதில் ஊசி முனை அளவு துளை. நாசில் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அந்தத் துளைதான் அன்றைக்கு எங்கள் குடும்பத்தையும், வழியில் போன ஓர் அம்மாவையும் பிள்ளையையும் ஆட்டி வைத்து விட்டது.

எங்கள் வண்டி பழைய சின்னக் கார். கடைக்குச் சரக்கு எடுக்கவும், கோயில் குளம் போகவும் வைத்திருக்கிறோம். புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் புழுதி உங்களுக்குத் தெரியுமே? திருமயம் வரை போய் வந்தாலே கண்ணாடி பழுப்பேறிவிடும். வாஷர் டேங்கில் தண்ணீர் தீர்ந்தால் அவர் உள்ளேயிருந்தபடியே, "இந்தா, அந்த நீல மூடியைத் திறந்து கொஞ்சம் தண்ணி ஊத்தேன்" என்பார். நான் குழாயில் போர் தண்ணீரைப் பிடித்து, 'நல்லா அழுக்கு போகட்டுமே' என்று ஒரு ஸ்பூன் துணி சோப்புத்தூளையும் கலக்கி ஊற்றி விடுவேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு!

நான் எப்போதும் உட்காருவது முன்சீட்டில், இடது பக்கம். நாலைந்து மாதமாகவே என் பக்கத்து நாசிலில் தண்ணீர் சரியாக வரவில்லை. கிழவர் துப்புவது போல் பானட்டிலேயே வடிந்து விடும். பார்த்துக் கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை. 'அவருக்குத் தெரியாததா?' என்று இருந்து விட்டேன். அவர் பக்கத்தில் தண்ணீர் ஒழுங்காக வந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை!

பொங்கல் முடிந்து கடைக்கு மூன்று நாள் விடுமுறை விட்டு ஊட்டிக்குக் கிளம்பினோம். அவர், நான், என் மாமியார், பிள்ளைகள் இருவர். திருச்சி, கரூர், கோயமுத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினோம். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளிதான். ஊட்டியோ ஏழாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே உறைபனி விழும் காலம். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் காலையில் புல்வெளி வெள்ளை வேட்டி விரித்தது போல் கிடக்கும்.

திரும்ப வேண்டிய நாள். காலை ஆறரை மணி. வெட்டவெளியில் நிறுத்தியிருந்த எங்கள் கார் தலை முதல் கால் வரை மாவு பூசிக்கொண்டு நின்றது! முன்கண்ணாடியில் வெள்ளையாக, மொரமொரவென்று பனி. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். இவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே, "ஒரு வாளி சுடுதண்ணி வாங்கிட்டு வா. ஊத்திட்டா ஒரு நிமிஷத்துல கரைஞ்சிடும்" என்றார்.

விடுதிக் காவலாளி, வயதானவர், கம்பளிக் குல்லாய் போட்டவர், ஓடி வந்தார்.

"சார், சார்! சுடுதண்ணி ஊத்தாதீங்க. கண்ணாடி விரிசல் விட்டுடும்."

ஐஸ் தண்ணீர் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் கொதிக்கும் காபியை ஊற்றினால் 'படக்'கென்று பிளக்கிறதல்லவா, அதே கதைதான். அவரே ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை எடுத்து வந்து மெல்லச் சுரண்டினார். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த வைப்பரைப் பிய்க்காமல், துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தார். கடைசியில், "தண்ணி பீச்சுதான்னு பார்த்துக்கங்க சார்" என்றும் சொன்னார்.

இவர் குச்சியை இழுத்தார். 'ங்ங்' என்று மோட்டார் சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை. மறுபடி மறுபடி இழுத்தார். எங்கோ 'டப்'பென்று ஒரு சத்தம். அதோடு சரி.

"போற வழியில வெயில் பட்டா தானா சரியாயிடும். ஏறுங்க, ஏறுங்க!"

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "ஏங்க, என் பக்கம் ரொம்ப நாளாவே சரியா வரலைங்க. பத்து நிமிஷம் நின்னு பார்த்துட்டுப் போவோம்" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை.

ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் சாலை தென்கிழக்காக இறங்குகிறது. தை மாதத்துக் காலைச் சூரியன் நேர் எதிரே கண்ணில் அடிக்கும். கேத்தி பக்கம் கேரட் விளைச்சல் அதிகம். கழுவி மூட்டை கட்டிய கேரட்டை ஏற்றிக்கொண்டு லாரிகள் தண்ணீர் சொட்டச் சொட்ட இறங்கும். அப்படி ஒரு லாரி எங்கள் முன்னால் போனது. சாலையில் தேங்கிய சேற்றில் அதன் சக்கரம் இறங்கியதுதான் தாமதம், முழுச் சேறும் எங்கள் கண்ணாடியில் வந்து விழுந்தது!

குச்சியை இழுத்தார். 'ங்ங்...' தண்ணீர் இல்லை. வைப்பர் மட்டும் வறட்டு வறட்டென்று ஓடி, சேற்றை அரை வட்டமாக, நாம் வாசலில் சாணி மெழுகுவோமே, அந்த மாதிரி மெழுகி விட்டது. அதன் மேல் எதிர் வெயில். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. இவர் பிரேக்கை அழுத்தினார். மாமியார் "முருகா!" என்று அலறினார். வண்டி நின்றது.

கதவைத் திறந்து பார்த்தால், இரண்டு முழம் முன்னால், சாலையைக் கடந்து கொண்டிருந்த ஒரு பெண். முதுகில் துணியில் கட்டிய குழந்தை, தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. எங்களைத் திரும்பிப் பார்த்து விட்டு அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிப் போய் விட்டாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வண்டியை ஓரம் கட்டினோம். அவருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. நான் அழுதுகொண்டே, "என் பக்கம் அஞ்சு மாசமா தண்ணி வரலைங்க. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. மாமியார்தான் இறங்கி வந்து, அந்த நாசிலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து விட்டுச் சொன்னார்:

"ஏண்டி ஆத்தா, இது நம்ம பம்ப் ஸ்டவ் மாதிரித்தானே இருக்கு! துளை அடைச்சிக்கிட்டா அடுப்பு எரியாது, பின்னு போட்டுக் குத்துவோமில்ல? முப்பது வருஷம் நான் குத்தினேன். இதைக் குத்த ஒரு ஆம்பளை வேணுமாக்கும்?"

அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்து விட்டது. ஆனால் எவ்வளவு உண்மை! மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் காற்றடித்தால், அழுத்தத்தில் எண்ணெய் ஒரு நுண்ணிய துளை வழியாகப் பீச்சும். இங்கே காற்றடிப்பதற்குப் பதில் ஒரு சின்ன மோட்டார். கரிக்குப் பதில் உப்பும் தூசியும். குளிர் நாட்டிலும் மலையிலும் கூடவே பனிக்கட்டி.

வைத்திருந்த குடிநீரைத் துணியில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்து, மெதுவாகக் குன்னூர் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு மெக்கானிக் தம்பி பானட்டைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார். டேங்கில் தண்ணீர் தண்ணீராகவே இருந்ததாம். உறைந்தது நாசில் மூக்கில் தங்கியிருந்த நாலைந்து சொட்டுதான்! அது கெட்டியாக அடைத்திருக்க, நாங்கள் மேலும் மேலும் மோட்டாரை ஓட்டியதால், அழுத்தம் தாங்காமல் ரப்பர் டியூப் ஜாயிண்டிலிருந்து கழன்று விட்டது. அந்த 'டப்' சத்தம் அதுதான். அதற்குப் பிறகு வெயில் பட்டாலும் தண்ணீர் எப்படி மேலே வரும்? என் பக்கத்து நாசிலை ஊதியபோது, சுண்ணாம்பு போல் வெள்ளைக் கட்டி ஒன்று சோப்புக் கசடோடு வெளியே விழுந்தது. போர் தண்ணீரும் சோப்புத்தூளும் சேர்ந்து நான் சமைத்த பலகாரம்!

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் நானே செய்து பார்த்தும் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், பனி ஏன் காரின் மேல் அப்படிப் படிகிறது? மேகமில்லாத இரவில் பூமியும் அதன் மேலுள்ள பொருள்களும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. மூடி இல்லாத இரவில் கண்ணாடியும் தகரமும் சுற்றிலுமுள்ள காற்றை விட இன்னும் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்து விடும். அதனால் காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே கண்ணாடியிலும் நாசிலிலும் தண்ணீர் உறைந்து விடலாம். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருத்துக் கொள்ளும். ஃப்ரீசரில் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்த பாட்டில் வெடிக்கிறதே, அது போல. கடும் குளிரில் டேங்க், மோட்டார் எல்லாமே விரிசல் விடுவது இதனால்தான்.

தண்ணீர் வரவில்லையென்றால் பதறாமல் வரிசையாகப் பாருங்கள். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா? குச்சியை இழுத்தால் மோட்டார் சத்தம் கேட்கிறதா? சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், வயர், மோட்டார் இவற்றில் கோளாறு. அதை மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள். சத்தம் கேட்டுத் தண்ணீர் வரவில்லையென்றால், டியூப் கழன்றிருக்கும், அல்லது அடைப்பு. பானட்டைத் திறந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தால் டியூப் கழன்ற இடம் தெரிந்து விடும். நம் ஊர்களில் எலி கடித்து வைப்பதும் உண்டு! ஒரு பக்கம் மட்டும் வரவில்லையென்றால் பெரும்பாலும் அந்த நாசில் அடைப்புதான். உறைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் மோட்டாரை ஓட்டவே கூடாது. தண்ணீர் போக வழியில்லாமல் ஓடினால் மோட்டார் கெட்டு விடும், டியூப்பும் கழலும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை நாசில் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கரைந்து விடும்.

அடைப்பு எடுக்க, மெல்லிய கைத்தையல் ஊசி போதும். கோணி ஊசி வேண்டாம்; துளை பெரிதானால் தண்ணீர் பீச்சாது, வழியும். வெளியிலிருந்து அழுத்திக் குத்தினால் அழுக்கு உள்ளே போய் மறுபடி அடைக்கும். ஆகவே ஊசியால் லேசாக நெருடி விட்டு, டியூப்பைக் கழற்றி உள்பக்கமிருந்து வெளியே ஊத வேண்டும். சைக்கிள் பம்ப் இருந்தால் மெதுவாக அடிக்கலாம். உப்புக் கட்டிப் போயிருந்தால் நாலு சொட்டு வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரை ஓட விடுங்கள். பல கார்களில் நாசிலுக்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கும். ஊசியை அதன் துளையில் வைத்து மெல்ல அசைத்தால், தண்ணீர் கண்ணாடியில் எங்கே விழ வேண்டும் என்று திருப்பி வைக்கலாம். நடுவுக்குக் கொஞ்சம் மேலே விழும்படி வைத்தால் நல்லது. வண்டி வேகமாகப் போகும்போது காற்று அதைக் கீழே தள்ளும். தண்ணீர் விசிறி போல் விரிந்து வரும் புது மாதிரி நாசில்களில் மட்டும் ஊசியே வைக்காதீர்கள். ஊதினால் போதும்.

இனி, வராமல் காப்பது. டேங்கில் உப்புத் தண்ணீர் வேண்டாம். வீட்டில் வடிகட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ நல்லது. சோப்புத்தூள் கூடவே கூடாது. மலைக்குப் போகிறீர்களென்றால், உறையாத வகை வாஷர் திரவம் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிட் கலந்திருப்பதால் அது உறையாது. நம் பக்கக் கடைகளில் கிடைப்பதில் பல அழுக்கெடுக்க மட்டுமே. ஆகவே லேபிளில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டொரண்டோவில் இருக்கும் எங்கள் உறவுப் பெண், அங்கே மைனஸ் 35, 40 டிகிரி வரை தாங்கும் திரவம் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும் என்கிறாள். அங்கே அது இல்லாமல் குளிர்காலத்தில் வண்டியை எடுக்கவே மாட்டார்களாம். அவளே இன்னொன்றும் சொன்னாள்: கண்ணாடி ஜில்லென்று இருக்கும்போது பீச்சினால் எந்தத் திரவமும் மேலேயே உறைந்து திரையாகி விடும். முதலில் ஹீட்டரைப் போட்டு உள்ளிருந்து கண்ணாடியைச் சூடாக்கிக் கொள்ள வேண்டும்.

முக்கியமாக ஒன்று. புதுத் திரவத்தை ஊற்றுமுன் பழைய தண்ணீரைத் தீர்த்து விட்டு, ஊற்றியபின் நாலைந்து தடவை பீச்சி விடுங்கள். இல்லாவிட்டால் டேங்கில் நல்லது இருக்கும். டியூப்பிலும் நாசிலிலும் பழைய தண்ணீரே நின்று உறையும்.

"ஐஸ்வண்டிக்காரர் உப்புப் போடுறாரே, நாமும் உப்புப் போட்டா உறையாதே?" என்று என் பக்கத்து வீட்டம்மா கேட்டார். உறைவது குறையும்தான், ஆனால் தகரம் துருப்பிடிக்கும், நாசில் அடைக்கும். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டையும் இதில் ஊற்றக் கூடாது. கண்ணாடியில் பிசுக்காகப் படர்ந்து பார்வையை மறைக்கும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிகவும் கவனம். கூலன்ட் பல வகைகளில் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். வாஷர் திரவம் நீலமாக, பார்க்க சர்பத் போல் இருக்கும். சிலவற்றில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் உண்டு. மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். உயரத்தில், பூட்டி வையுங்கள். தப்பித் தவறிக் குழந்தை குடித்து விட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

திரவம் கிடைக்கவில்லையா? மலை ஏறுமுன் டேங்கைக் காலி செய்து விட்டு, ஒரு பாட்டில் தண்ணீரும் பருத்தித் துணியும் கையில் வைத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தித் துடைத்துப் போகலாம். இரவில் பழைய போர்வையோ ஜமுக்காளமோ நாசிலும் மறையும்படி கண்ணாடி மேல் போட்டு வையுங்கள். வானத்துக்குப் போகும் சூட்டை அது தடுக்கும். கூரைக்கு அடியில், அல்லது காலை வெயில் முகத்தில் படும்படி நிறுத்துவது இன்னும் உத்தமம்.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது ஒரு சேதி கண்ணில் பட்டது. வைப்பரைக் கண்டுபிடித்து உரிமம் வாங்கியவர்களில் முன்னோடி ஒரு பெண்! அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். பனி கொட்டும் நாளில் நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனபோது, ஓட்டுநர் கண்ணாடி தெரியாமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி ஓட்டுவதைப் பார்த்தாராம். உள்ளேயிருந்தே இயக்கும் ஒரு கைப்பிடியும் வெளியே ரப்பர் வைத்த கையும் வரைந்து, 1903-ல் காப்புரிமை பெற்றார். விற்கப் போனபோது ஒரு கனடா கம்பெனி, இதற்கு மதிப்பில்லை என்று திருப்பி விட்டது. அவர் 1953-ல் காலமானார். அதிலிருந்து அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2011-ல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது. அந்த டிராமில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்கள். பார்த்ததை மனதில் போட்டு மூடி வைக்காதவர் அவர் ஒருவர்தான். நானோ, ஐந்து மாதம் பார்த்ததை மூடி வைத்தவள்!

போன வருஷம் தையில் மறுபடியும் ஊட்டிக்குப் போனோம். கிளம்புமுன் டேங்கைக் காலி செய்து, உறையாத திரவம் ஊற்றி, இரண்டு நாசிலையும் நானே ஊதிப் பார்த்தேன். ஜமுக்காளம் ஒன்றும் டிக்கியில் ஏறியது. திரும்பும் காலையில் ஜமுக்காளத்தின் மேல்தான் வெள்ளை வெளேரென்று பனி; கண்ணாடி தப்பியது. கேத்தி தாண்டும்போது என் கண் தானாகச் சாலையோரத்தில் அந்தச் சிவப்புத் தொப்பியைத் தேடிற்று.

இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் அவர் குச்சியை ஒரு தரம் இழுத்து விட்டு என் பக்கம் திரும்பிக் கேட்பார்:

"உன் பக்கம் வருதா?"

"வருதுங்க."

அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். என் தையல் பெட்டியில் ஒரு கைத்தையல் ஊசி இதற்கென்றே தனியாக இருக்கிறது. மாமியார் அதற்கு வைத்திருக்கும் பெயர், 'ஸ்டவ் பின்னு'!